பழைய 911-இன் ரப்பர் விளிம்பு ஸ்பாய்லர்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

போர்ஷே 911-இன் பின்னால் அகலமாக நீண்டு நிற்கும் ஸ்பாய்லரைச் சரிசெய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ரப்பர் வெடித்துவிட்டது, எதை வைத்து ஒட்டலாம் என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், ஸ்பாய்லர் உட்கார்ந்திருக்கும் பின்பக்க இன்ஜின் மூடியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வேன். மேலே தெரியும் வெடிப்புக்கும் அலைக்கும் காரணம் பல நேரம் கீழேதான் ஒளிந்திருக்கும். துருப்பிடித்த ஸ்டட் (விளிம்பைப் பிடித்திருக்கும் மரைக் கம்பி), எண்ணெய் ஊறிய ஃபைபர்கிளாஸ், யாரோ அளவுக்கு மீறி இறுக்கிய நட் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டு ரப்பரை மட்டும் பூசி மெழுகினால், அடுத்த வெயில் காலத்தில் அதே இடம் மறுபடி வாய் பிளக்கும்.

இந்த ஸ்பாய்லரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் அதன் கோளாறுகள் எளிதாகப் புரியும். 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த கரேரா ஆர்எஸ் 2.7-இல் இருந்தது வாத்து வால் போன்ற, முழுக்கக் கடினமான ஸ்பாய்லர். 911-இன் சரிந்த முதுகில் ஓடும் காற்று வேகம் கூடக் கூடப் பின்பக்கத்தைத் தூக்கும். அந்தத் தூக்கலைக் குறைப்பதுதான் ஸ்பாய்லரின் வேலை. ஆனால் கூர்மையான கடின விளிம்பு நடந்து போகிறவர்கள்மேல் பட்டால் காயமாகுமே என்ற கவலை எழுந்தது. 1974-இல் ஆர்எஸ் 3.0-இலும், அந்த அக்டோபரில் அறிமுகமான 911 டர்போவிலும், திமிங்கல வால் என்று பெயர் பெற்ற அகலமான ஸ்பாய்லர் சுற்றிலும் மெத்தென்ற கறுப்பு விளிம்போடு வந்தது. 1978 மாடல் டர்போ 3.3-இல் டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு இடம் தேவைப்பட்டதால் ஸ்பாய்லரின் ஃபைபர்கிளாஸ் உடல் உயர்ந்து, விளிம்பும் மேல்நோக்கித் திரும்பியது. தேநீர்த் தட்டு என்று ஆர்வலர்கள் சொல்வது இதைத்தான்.

ஆக, நம் கையில் இருப்பது ஃபைபர்கிளாஸ் உடல், மெத்தென்ற விளிம்பு என்று, சூட்டிலும் குளிரிலும் ஒரே மாதிரி நீளாத, சுருங்காத இரண்டு பொருள்களின் சேர்க்கை. மேலே வெயில். கீழே காற்றால் குளிரும் இன்ஜின். வண்டியை நிறுத்திய பிறகும் அதன் சூடு நெடுநேரம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். இடையில் மாட்டிக்கொண்டது இந்த விளிம்பு.

எதையும் தொடுவதற்கு முன்

விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கி மெதுவாக எழுந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கல்லாட்டம் இருந்து, நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. அதில் செலவிடும் நேரத்தைப் புது விளிம்பு தேடுவதில் செலவிடலாம். அழுத்தினால் துளியும் அமுங்காமல், மழமழவென்று கறுப்புப் பெயிண்ட் மட்டும் பூசியிருந்தால், அது முழுக்க ஃபைபர்கிளாஸில் செய்த நகலாக இருக்கலாம். அதற்கு ரப்பர் வைத்தியம் எதுவும் பொருந்தாது. நேராக ஃபைபர்கிளாஸ் பகுதிக்குப் போய்விடுங்கள்.

ரப்பர் என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும், இந்த விளிம்புகள் பலவும் பாலியூரிதேன் நுரையில் வார்த்தவை. கிழிந்த இடத்தை உற்றுப் பாருங்கள். உள்ளே ரொட்டித் துண்டு போல நுண்ணிய குமிழிகளும் மேலே கெட்டியான தோலும் இருந்தால் அது யூரிதேன். உள்ளும் புறமும் ஒரே கெட்டியாக இருந்தால் பிற்பாடு மாட்டிய உண்மையான ரப்பராக இருக்கலாம். இந்த வேறுபாடு முக்கியம். யூரிதேனில் யூரிதேன் ஒட்டுபொருள் நன்றாகப் பிடிக்கும். கதவு ரப்பர் செய்யும் ஈபிடிஎம் வகையில் பசையும் பெயிண்டும் லேசில் ஒட்டாது. அதில் கிழிசல் பெரிதாக இருந்தால் மாற்றிவிடுவதுதான் நல்லது.

அப்புறம், மோதிர விரல் முட்டியால் ஃபைபர்கிளாஸ் உடல் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். அடுக்கு விட்டுப்போன இடத்தில் தொப்பென்று கேட்கும். அந்த இடங்களையெல்லாம் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

விளிம்பு வெளுத்து, சாம்பல் பூத்தாற்போல இருக்கிறது

பலர் இதைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். இருப்பதிலேயே எளிய கோளாறு இதுதான். ஈரத்துணியால் துடையுங்கள். ஈரமாக இருக்கும்போது கறுப்பாகி, காய்ந்ததும் திட்டுத் திட்டாக வெள்ளை திரும்பினால், பாதிக் குற்றம் வண்டிக்குப் போடும் மெழுகின்மேல் இருக்கலாம். விளிம்பின் மேற்பரப்பு சொரசொரப்பானது. பாலிஷ் போடும்போது மெழுகு அந்தக் குழிகளில் இறங்கி, காய்ந்து வெள்ளையாக நிற்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரும் மிருதுவான பிரஷ்ஷும் போதும். அப்போதும் போகாததை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி எடுத்துவிடும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூன்றும் வேண்டாம். அவை மேல்தோலை உப்ப வைத்துப் பிசுபிசுப்பாக்கும்.

துடைக்கத் துடைக்கத் துணியில் கறுப்பாக வந்துகொண்டே இருந்தால் தோல் சூரிய ஒளியில் சிதைகிறது. அழுக்கு நிற்கும்வரை கழுவி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும், தண்ணீரில் கலந்த ரப்பர் பூச்சு ஒன்றைத் தடவி வந்தால் நெடுநாள் ஓடும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பின்னால் பெயிண்ட் அடிக்கவோ ஒட்டவோ எண்ணம் இருந்தால் பளபளக்க வைக்கும் சிலிக்கான் எண்ணெய்ப் பூச்சுகளைக் கிட்டவே சேர்க்காதீர்கள். ஒரு முறை ஊறிய சிலிக்கான் பெயிண்டில் மீன் கண் போலக் குழி குழியாக விழும். அதை முழுதாகக் கழுவி எடுப்பது பெரும்பாடு.

மேல்தோலில் மயிரிழை வெடிப்புகள்

வெடிப்பில் குண்டூசி முனையை வைத்துப் பாருங்கள். நுனி தடுக்கி நின்றுவிட்டால் அது தோலோடு நின்ற வெடிப்பு. ஊசி இறங்கினால் கீழே சொல்லும் கிழிசல் வைத்தியம் வேண்டும்.

தோலோடு நின்ற வெடிப்புகளுக்கு: கழுவி நன்றாகக் காயவிட்டு, 180 எண் உப்புத்தாளால் வெடிப்பின் கூர்மையான உதடுகள் மழுங்கும்வரை தேயுங்கள். வளையக்கூடிய யூரிதேன் பட்டியை (குழி நிரப்பும் பூச்சு) மெல்லிய படலமாக இழுத்து, காய்ந்ததும் 320-இல் சமப்படுத்தி, நெகிழும் கறுப்புப் பூச்சை இரண்டு மூன்று மெல்லிய சுற்றாக அடிக்கலாம். வண்டி உடலுக்குப் போடும் சாதாரண பாலியஸ்டர் பட்டியை இங்கே போடவே கூடாது. அது காய்ந்தால் ஓடு மாதிரி. விளிம்பு வளையும், பட்டி வளையாது. முதல் முறை யாராவது அதன்மேல் சாய்ந்தாலே பாளம் பாளமாகப் பெயரும்.

வெடிப்புகள் விளிம்பு முழுவதும் பரவாமல் ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் பூச்சைக் கையில் எடுக்காதீர்கள். அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக ஒரு ஸ்டட் இருக்கும்.

விளிம்பு அலை அலையாக எழும்பி நிற்கிறது, உடலோடு படியவில்லை

இந்தக் கோளாறில்தான் அதிகமானோர் தவறு செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். எழும்பிய இடத்தில் பசை விட்டு, மேலே கனம் வைத்து ஓர் இரவு விட்டேன். காலையில் அழகாகப் படிந்திருந்தது. சில வாரங்களில் அதே அலை இன்னும் உயரமாக வந்தது, கூடவே ஒரு வெடிப்பும். கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்த இரும்புப் பட்டை துருவேறி இரு மடங்கு தடித்திருந்தது.

விளிம்பை உடலோடு பிடித்திருக்கும் ஸ்டட்கள், பல ஸ்பாய்லர்களில், நுரைக்குள் புதைந்த உலோகத்தோடு சேர்ந்திருக்கும். அவை ஃபைபர்கிளாஸ் துளை வழியாக இறங்கி அடியில் நட்டால் இறுகும். சிலவற்றில் ரிவெட் இருக்கும், சிலவற்றில் பசையும் சேர்ந்திருக்கும். மழைநீர் விளிம்புக்கும் உடலுக்கும் நடுவே இறங்கி, வெளியேற வழி இல்லாமல் அங்கேயே நிற்கும். இரும்பு துருப்பிடித்தால் இடம் அதிகம் கேட்கும். அது தள்ளுகிற தள்ளலில் மெத்தென்ற நுரை மேலெழுகிறது. அலை என்று நம் கண்ணுக்குத் தெரிவது இதுதான்.

ஆகவே முதல் வேலை கழற்றுவது. நட்களில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள், மறுநாள் இன்னொரு முறை விடுங்கள். நட்டைத் திருப்பும்போது கூடவே விளிம்பும் முறுக்கிக்கொண்டு வருகிறதா என்று மேலே ஒரு கை வைத்துப் பார்த்துக்கொண்டே திருப்ப வேண்டும். முறுக்கினால் உடனே நிறுத்துங்கள். ஸ்டட் நுரைக்குள் பிடி விட்டுச் சுழல்கிறது, இன்னும் திருப்பினால் உள்ளிருந்து கிழித்துக்கொண்டு வரும். அந்த நட்டைச் சிறிய வெட்டுச் சக்கரத்தாலோ நட் பிளப்பானாலோ வெட்டி எடுப்பதே பாதுகாப்பு. நெருப்பு காட்டும் எண்ணம் வேண்டாம். யூரிதேன் கருகினால் வரும் புகை நச்சு. ஃபைபர்கிளாஸின் ரெசினும் சூட்டில் இளகிப் பலம் இழக்கும்.

எல்லா நட்டும் வந்த பிறகும் விளிம்பு பிரிய மறுத்தால் பசையும் இருக்கிறது என்று பொருள். ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் ஃபைபர்கிளாஸ் உதடு உடையும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை நுழைத்து, தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வாருங்கள். மீன்பிடி நரம்பை இரு கையிலும் சுற்றி ரம்பம் போல இழுத்தாலும் பழைய பசை அறுபடும்.

வெளியே எடுத்ததும் துரு எவ்வளவு என்று தெரியும். மேலாகப் பிடித்திருந்தால் சுரண்டி, துரு மாற்றும் திரவம் தடவி, எபாக்ஸி ப்ரைமர் ஒரு சுற்று கொடுத்தால் போதும். ஸ்டட் முறிந்திருந்தால் நுரையை அடிப்பக்கத்திலிருந்து மட்டும், தேவையான அளவு வெட்டித் திறந்து, தட்டையான தலை கொண்ட துருப்பிடிக்காத எஃகு ஸ்டட்டைப் பழைய இடத்திலேயே வைத்து, இரு கலவை யூரிதேன் ஊற்றி மூடுங்கள். தலை அகலமாக இருக்க வேண்டும். சாதாரண போல்ட் தலை மென்மையான நுரையில் நாளடைவில் புதைந்து பிய்த்துக்கொண்டு வரும். யூரிதேன் இறுகும்வரை விளிம்பை ஸ்பாய்லர்மேல் வைத்து, ஸ்டட் அதன் துளையில் நேராக நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வைத்துச் செய்தால் ஒரு ஸ்டட்டாவது துளைக்கு வெளியே போய் நிற்கும்.

திரும்ப மாட்டும்போது நட்டுக்கு அடியில் அகலமான வாஷர் வேண்டும். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி விரலால் முழுவதும் ஏற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். விளிம்பு உடலைத் தொட்டு லேசாக அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு சுற்றுத்தான் நட்சத்திர வெடிப்பு தொடங்கும் இடம்.

கிழிசல், பிய்ந்த மூலை

கிழிந்ததற்குக் காரணம் சுவரில் இடித்தது என்றால் நேராக வேலையைத் தொடங்கலாம். இடிக்காமலே கிழிந்தது என்றால் மூடியைத் திறக்கும் பழக்கத்தைக் கவனியுங்கள். விளிம்பின் மூலையைப் பிடித்து மூடியைத் தூக்குகிறவர்கள் ஏராளம். இந்த மூடியின் கனம் முழுதும் அந்த நேரத்தில் மெல்லிய நுரை விளிம்பில் தொங்குகிறது. தூக்குவதற்கு ஃபைபர்கிளாஸ் உடலைப் பிடிக்க வேண்டும்.

கிழிசலை ஒட்டச் சூப்பர் குளூ கைக்கு வரும், வேண்டாம். அது கண்ணாடி மாதிரி இறுகி, வளையும்போது விரிசல் விட்டு, கிழிசலைப் பக்கத்தில் தள்ளிவிடும். பம்பர் பழுதுக்கு விற்கும் நெகிழ்வான இரு கலவை யூரிதேனே இங்கே சரி. கடினம், அரைக் கடினம், நெகிழ்வு என்று பல தரத்தில் கிடைக்கும். சிறிது கலந்து ஓரமாக இறுகவிட்டு, அதையும் உங்கள் விளிம்பையும் மாறி மாறி விரலால் அழுத்திப் பாருங்கள். ஒட்டும் பொருள் விளிம்பைவிட மென்மையாக இருந்தாலும் பரவாயில்லை, கடினமாக இருக்கக் கூடாது.

கிழிசல் முடியும் புள்ளியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் அது மேற்கொண்டு ஓடாது. பிறகு அடிப்பக்கத்தில் கிழிசலின் இரு கரையையும் பள்ளத்தாக்கு மாதிரி சரிவாகச் சீவுங்கள். ஒவ்வொரு பக்கமும் 10 மில்லிமீட்டராவது இருக்கட்டும். ஒட்டும் பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு பலம். 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தூளைத் தட்டி, ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். மேல்பக்கம் கிழிசலின் கரைகளைச் சரியாகச் சேர்த்து அலுமினிய டேப் ஒட்டிக்கொண்டால் வடிவம் கலையாது. இப்போது கீழே ஒரு படலம் யூரிதேன், அதில் பதித்த வலைத்துணி, மேலே இன்னொரு படலம். அது முழுதாக இறுகிய பிறகே திருப்பி மேல்பக்கத்தைச் சீவி நிரப்ப வேண்டும். மேல்பக்கத்தில் வலை வேண்டாம், தேய்க்கும்போது இழை எட்டிப் பார்க்கும்.

நுரை தண்ணீர் குடித்திருந்தால் எதுவும் ஒட்டாது. மழையில் நின்ற வண்டி என்றால் விளிம்பைக் கழற்றி இரண்டு மூன்று நாள் காய்ந்த அறையில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இந்தக் காத்திருப்பைக் குறைக்க வழி எதுவும் எனக்குத் தெரியாது.

பிய்ந்த மூலை இன்னும் கொஞ்சம் கடினம். எதிர் மூலையில் அச்சு எடுத்து வார்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் வலது மூலையின் அச்சு இடதுக்குப் பொருந்தாது, அது கண்ணாடியில் தெரியும் பிம்பம் போலத் திரும்பி நிற்கும். அதற்குப் பதிலாக நல்ல மூலையின் வளைவை அட்டையில் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் இரண்டு மூன்று என்று வெட்டிக்கொள்ளுங்கள். அட்டையைத் திருப்பிப் போட்டால் அதுவே மறுபக்கத்தின் அளவுகோல். உடைந்த முகத்தில் சில துருப்பிடிக்காத கம்பித் துண்டுகளைச் சாய்வாகக் குத்தி எலும்புக்கூடு போல நிறுத்தி, யூரிதேனைச் சற்று அதிகமாகவே கட்டி, அட்டையை வைத்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். கம்பி நுனி மேற்பரப்பிலிருந்து நன்றாக உள்ளே இருக்கட்டும்.

வடிவம் வந்தாலும் சொரசொரப்பு வராததால் ஒட்டிய இடம் பளிச்சென்று தெரியும். சொரசொரப்புக்கு மட்டும் அச்சு எடுக்கலாம், அதற்கு இடம் வலம் கிடையாது. நல்ல பகுதியில் அச்சு எடுக்கும் சிலிக்கான் மாவைத் தட்டையாக அழுத்தி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படலம் யூரிதேன் இறுகும் தறுவாயில் அந்த அச்சை வைத்து அழுத்தி எடுத்தால் புள்ளிகள் அப்படியே பதியும். யூரிதேன் இந்த மாவில் ஒட்டாது. அச்சு எடுத்த இடத்தை மட்டும் பிறகு ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

ரப்பரும் உடலும் சேரும் கோட்டில் பெயிண்ட் வெடிக்கிறது

யாரோ அந்தக் கோட்டை அழகுக்காகப் பட்டி வைத்து மூடியிருக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அங்கே ஒரு கோடு தெரிந்தது, தெரியத்தான் வேண்டும். இரண்டு பொருளும் தன் தன் போக்கில் நகர அந்த இடைவெளிதான் இடம் கொடுக்கிறது. பட்டி முழுவதையும் சுரண்டி எடுத்து, விளிம்பைக் கழற்றி, உடலைத் தனியாகப் பெயிண்ட் அடித்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். விளிம்பு சுருங்கிப் போய் முனையில் சந்து விட்டிருந்தால் அதை இழுத்து மாட்டப் பார்க்காதீர்கள், ஸ்டட் பிய்ந்துவிடும். கறுப்பு யூரிதேன் சீலன்டை அந்தச் சந்தில் விட்டு ஈர விரலால் இழுத்துவிட்டால் போதும்.

விளிம்பின் மேலேயே உடல் நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்து, அது வெடித்தால், பெயிண்டில் நெகிழ்வு தரும் கலவை சேர்க்கவில்லை என்று அர்த்தம். என் விருப்பம், அதைத் தேய்த்து எடுத்துவிட்டுக் கறுப்புக்கே திரும்புவது. அந்தக் கறுப்புக் கோடு இல்லாத திமிங்கல வால் பாதி முகம் மறைத்த மாதிரி இருக்கிறது.

துளைகளைச் சுற்றி நட்சத்திர வெடிப்பு

முதலில் அடிப்பக்கத்தில் எண்ணெயை எடுங்கள். இந்த மூடி இத்தனை வருடமாக இன்ஜினுக்கு நேர் மேலே இருந்திருக்கிறது. எண்ணெய் ஆவி வெடிப்புக்குள் இறங்கியிருக்கும். கிரீஸ் நீக்கியால் துணி மாற்றி மாற்றித் துடைத்து, துணி சுத்தமாக வந்த பிறகே உப்புத்தாளைத் தொடலாம். முன்னதாகவே தேய்த்தால் எண்ணெயை இழைக்குள் ஏற்றுகிறீர்கள், பிறகு எந்த ரெசினும் பிடிக்காது.

வெடிப்பு மேலே உள்ள ஜெல் பூச்சோடு நிற்கிறதா, இழைவரை போகிறதா என்று பார்க்க, ஒரு இடத்தில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். தேய்த்ததும் மறைந்தால் ஜெல் பூச்சு மட்டும்தான். மறையாமல் வெள்ளையாகத் தொடர்ந்தால் அடுக்கே உடைந்திருக்கிறது. அப்படியானால் அடியிலிருந்து பலப்படுத்த வேண்டும். வெடிப்பைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சரிவு, தடிமனைப் போல 12 மடங்கு அகலம் இருப்பது நல்லது. 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால் வெடிப்பைச் சுற்றி 24 மில்லிமீட்டர். ரெசினில் நனைத்த கண்ணாடி இழைத் துண்டுகளில் சிறிய துண்டு முதலில், அதன்மேல் கொஞ்சம் பெரியது, அதன்மேல் இன்னும் பெரியது என்று அடுக்கி வாருங்கள்.

பழைய பாலியஸ்டர் ஃபைபர்கிளாஸ்மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும், நான் அதையே எடுப்பேன். எபாக்ஸி எடுத்தால் நெய்த கண்ணாடித் துணி வேண்டும். நறுக்கிய இழை பாயின் பசை பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் பாய் விறைத்துக்கொண்டு மடங்க மறுக்கும். பாலியஸ்டரே போதும் என்கிறவர்கள் பாயையும் பாலியஸ்டரையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். எபாக்ஸி போட்ட இடத்தின் மேலே மட்டும் பாலியஸ்டர் ஜெல் பூச்சு சரியாக இறுகாது, எபாக்ஸி ப்ரைமரில் முடித்துவிடுங்கள்.

துளையை அடைத்துவிட்டுப் புதிதாகத் துளையிடும்போது ஸ்டட்டைவிட 1 மில்லிமீட்டர் பெரிதாகப் போடுங்கள். சூட்டில் நகர இடம் இல்லாத துளைதான் மறுபடி வெடிக்கிறது.

கண்ணாடியிழைத் தூளுக்கும் இரு கலவைப் பெயிண்டுக்கும் ஒரே முகமூடி போதாது. தூளுக்கு நுண்தூள் வடிகட்டும் முகமூடியும் கையுறையும் போதும். ஹார்டனரில் (இறுக வைக்கும் கலவையில்) ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் உள்ள பெயிண்டைத் தெளிக்க வெளிக்காற்று ஊட்டும் முகக்கவசம் வேண்டும். அது இல்லை என்றால் தெளிக்கும் வேலையைப் பெயிண்ட் கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம், இதை வேண்டாம்.

வேகத்தில் உறுமல், தடதடப்பு

விளிம்பில் ஒரு பகுதி தளர்ந்திருக்கலாம், அல்லது கிரில்லின் ஸ்க்ரூ. விளிம்பையும் உடலையும் சேர்த்து அகலமான டேப் ஒட்டி ஒரு சுற்று ஓட்டுங்கள். சத்தம் போனால் விளிம்பு. போகாவிட்டால் கிரில்லுக்கும் மூடியின் தாழ்ப்பாளுக்கும் போங்கள்.

டர்போ 3.3-இல் வெயிலில் இன்ஜினின் இழுக்கும் சக்தி குறைகிறது

ஸ்பாய்லரில் கோளாறு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். மூடியின் அடியில் இன்டர்கூலரைச் சுற்றி உட்காரும் சீல் ஒன்று உண்டு. கிரில் வழியாக வரும் குளிர்ந்த காற்று இன்டர்கூலர் வழியே மட்டும் போவதற்காக அது இருக்கிறது. அது நைந்து உதிர்ந்தால் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும், இன்ஜின் அறையின் சூடும் உள்ளே கலக்கும். மூடி திறந்திருக்கும்போதே அந்தச் சீலையும் பார்த்துவிடுங்கள். அதன்மேல் சுண்ணாம்புக் கட்டித் தூளைத் தடவி மூடித் திறந்தால், எங்கே படிகிறது, எங்கே படவில்லை என்று எதிர்ப்பக்கத்தில் தெரியும்.

மாட்டிய பிறகு மூடி நிற்கவில்லை, இடைவெளி சரியில்லை

கழற்றும்போதே கீல்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டிருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். குளிர்சாதனம் உள்ள 911-களில் குளிர்வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் பெரும்பாலும் இந்த மூடியின் அடியில்தான் இருக்கும். அதன் குழாயைக் கழற்றாமல் கண்டென்சரை மட்டும் விடுவித்துத் துணி சுற்றி ஓரமாகத் தொங்கவிட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் வாயுவை முறைப்படி வெளியேற்றத் தெரிந்தவரை அழையுங்கள். மூடியைக் கழற்றவும் மாட்டவும் இரண்டு பேர் வேண்டும்.

மூடி மெல்ல இறங்கி வந்தால் அதைத் தாங்கி நிற்கும் கேஸ் ஸ்ட்ரட் சோர்ந்திருக்கிறது, அல்லது ஸ்பாய்லர் இல்லாத மூடிக்கான ஸ்ட்ரட்டை யாரோ மாட்டியிருக்கிறார்கள். ஸ்பாய்லர் மூடிக்குப் பலமான ஸ்ட்ரட் தனியாக உண்டு. பலமற்ற ஸ்ட்ரட் இருந்தால் மூடி தடாலென்று விழும்; ஒவ்வொரு விழுகையும் நீங்கள் இப்போது ஒட்டிய மூலைக்கும் துளைக்கும்தான் அடி.

ஸ்பாய்லரைக் கழற்றி வைத்திருக்கும் நாட்களில் வண்டியை எடுக்க வேண்டி வந்தால் மெதுவாகவே ஓட்டுங்கள். முன் ஸ்பாய்லரும் பின் ஸ்பாய்லரும் ஜோடியாக வடிவமைத்தவை. முன்பக்கம் மட்டும் தரையைப் பிடித்து, பின்பக்கம் லேசானால், வேகமான வளைவில் 911 எப்படி நடந்துகொள்ளும் என்பதை அப்போது கண்டுபிடிக்க வேண்டாம்.

மூடியைச் சாத்தும்போது தாழ்ப்பாளுக்கு நேர் மேலே, ஃபைபர்கிளாஸில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். விளிம்பில் கை வைக்க வேண்டாம். புதிதாக ஒட்டிய இடத்தை ஒரு வாரம் கழித்து ஒரு முறை, முதல் கடும் வெயிலுக்குப் பிறகு ஒரு முறை, அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். நட் தளர்ந்திருந்தால் விரலால் கால் சுற்று.